மூக்குக்கும் கூலி உண்டு

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது. பேசிய விதத்தை அதிகம் மாற்றாமல் மலருக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)



உள்ளே வரும்போது உங்கள் கையில் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்திருப்பார்கள். அது பிரசாதம் இல்லை. யாராவது ஏற்கெனவே வாயில் போட்டிருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சிட்டிகை வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது எல்லோரும் இடது கையால் மூக்கை இறுக்கிப் பிடியுங்கள். சிரிக்க வேண்டாம், நானும் பிடிக்கிறேன். பொட்டலத்தில் இருப்பதை நாக்கில் வையுங்கள். என்ன தெரிகிறது? சர்க்கரை. வேறு ஏதாவது? ஏதோ மரத்தூள் மாதிரி நறநற என்று இருக்கிறது, அவ்வளவுதான். சரி, இப்போது மூக்கை விடுங்கள்.

"அட, பட்டைங்க!" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சத்தமே போட்டுவிட்டார். ஆமாம், பட்டைப் பொடியும் சர்க்கரையும்தான். மூக்கைப் பிடித்திருந்த வரைக்கும் பட்டை உங்கள் வாயில்தான் இருந்தது, ஆனால் உங்களுக்குத் தெரியவில்லை. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் கறிச்சாறிலும் காளானிலும் இருக்கிற அந்த ஒரு ருசி. அறுசுவை என்று படித்தவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். காரம் என்பது எரிச்சல், துவர்ப்பு என்பது வாய் சுருங்குவது. மற்றபடி சீரகம், பெருங்காயம், ஏலக்காய், மாம்பழம், நெய் என்று நாம் "ருசி" என்று சொல்வதெல்லாம் தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்குப் போகிற வாசனைதான். சளி பிடித்தால் சோறு மண் மாதிரி இருப்பது இதனால்தான்.

நம் மூக்குக்குள் வாசனையைப் பிடிக்கிற வாங்கிகள் ஏறக்குறைய 400 வகை இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்று கண்டுபிடித்ததற்காக 2004இல் நோபல் பரிசு வாங்கிய இருவரில் ஒருவர் பெண், லிண்டா பக் என்று பெயர். இன்னொருவர் ரிச்சர்ட் ஆக்செல்.

இந்த மூக்கை வைத்துத்தான் நான் 34 வருஷம் சம்பளம் வாங்கினேன். 1987இல் சேர்ந்தேன், 2021இல் ஓய்வு பெற்றேன். என்ன வேலை என்று ஊரில் கேட்டால், "மோந்து பாக்கற வேலை" என்றுதான் எங்கள் அம்மா சொல்வார். கேட்டவர்கள், அதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்பார்கள். வாசனைத் தொழில் என்றால் சென்ட் பாட்டில்தான் நமக்கு ஞாபகம் வரும். காலையில் எடுக்கிற பற்பசை, குளிக்கிற சோப்பு, துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கிற பார், பிள்ளைகள் தின்கிற பிஸ்கட், இருமல் மருந்து, சாமிக்கு ஏற்றுகிற ஊதுபத்தி, எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் முகர்ந்து பார்த்துச் சேர்த்த வாசனை இருக்கிறது. உடம்புக்கும் வீட்டுக்கும் போவதை ஃப்ராக்ரன்ஸ் என்பார்கள், வாய்க்குள் போவதை ஃப்ளேவர் என்பார்கள். இரண்டும் ஒரே தொழிலின் இரண்டு கை.

எங்களுடையது சத்தியமங்கலம் பக்கம் பூந்தோட்டம் வைத்திருந்த குடும்பம். பி.எஸ்சி. வேதியியல் முடித்ததும், பூவிலிருந்து வாசனைச் சாறு எடுக்கிற ஒரு கம்பெனியில் லேப் உதவியாளர் வேலை கிடைத்தது. அங்கே நடப்பதை உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பாதிப் பேர் பூப்பறிக்கப் போனவர்கள். பறித்த பூ எங்கே போகிறது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை.

மல்லிகையைச் சுடுதண்ணீரிலோ ஆவியிலோ போட்டால் வாசனை கெட்டுவிடும். வெட்டிவேர், எலுமிச்சம்புல், யூகலிப்டஸ் இலை எல்லாம் ஆவியில் வெந்து எண்ணெய் தரும். ஊட்டிப் பக்கம் தைலம் காய்ச்சுகிற கொட்டகைகளைப் பார்த்திருப்பீர்கள். மல்லிகை அப்படி இல்லை. அதனால் பூவை ஓட்டை போட்ட தட்டுகளில் பரப்பி, பெரிய எஃகுப் பாத்திரத்துக்குள் அடுக்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி ஊற வைப்பார்கள். பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கிற திரவம் அது. பூவில் இருக்கிற வாசனையையும் மெழுகையும் இழுத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கரைப்பானைக் காற்றழுத்தம் குறைத்து மெதுவாக ஆவியாக்கித் திரும்பப் பிடித்துவிட்டால், அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு மெழுகு நிற்கும். அதற்குப் பெயர் கான்கிரீட். சேர்ந்த முதல் வாரம், "இன்னிக்கு கான்கிரீட் எவ்வளவு வந்துச்சு?" என்று மேலதிகாரி கேட்டபோது, கட்டட வேலை ஏதோ நடக்கிறது என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அந்த மெழுகைச் சாராயத்தில் கரைத்து, குளிர வைத்து, மெழுகை வடித்து எடுத்த பிறகு மிஞ்சுவது அப்சல்யூட். அதுதான் வெளிநாட்டு சென்ட் கம்பெனிகளுக்குப் போவது.

கணக்கைக் கேளுங்கள். 1000 கிலோ ஜாதிமல்லி போட்டால் ஏறக்குறைய 3 கிலோ மெழுகு வரும். அதிலிருந்து அப்சல்யூட் பாதிதான், ஒன்றரைக் கிலோ அளவுக்கு. ஒரு கிலோ ஜாதிமல்லியில் 8000 பூவுக்குக் குறையாது. அப்படியென்றால் 1000 கிலோவுக்கு 80 லட்சம் பூ. ஒவ்வொன்றையும் ஒரு கை பறித்திருக்கிறது, இருட்டில், பனியில். அந்த அப்சல்யூட் கிலோ லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறது. முகூர்த்த நாளில் பூ விலை ஏறினால் கம்பெனி வாங்காது. வரத்து கூடி, விலை விழுந்து, மார்க்கெட்டில் யாரும் சீந்தாத நாளில்தான் லாரி வரும். கம்பெனியும் வாங்காவிட்டால் அந்தப் பூ குப்பைக்குத்தான் போகும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விலையை யார் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஜாதிமல்லி ராத்திரி மலரும். விடியுமுன் பறித்து, வெயில் ஏறுமுன் கம்பெனிக்கு வந்துவிட வேண்டும், வந்ததும் பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். குண்டுமல்லி வேறு. காலையில் மொட்டாகப் பறித்து வரும். மொட்டில் வாசனை கிடையாது, பூ அவிழும்போதுதான் வாசனை உண்டாகி வெளியே வரும். அதனால் நிழலில் தரையில் மெல்லிசாகப் பரப்பி, சூடு ஏறாமல் அவ்வப்போது கையால் கிளறி, சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். இருட்டிய பிறகு மொத்தமும் ஒன்றாக அவிழும். அந்த நேரத்தில் கூடத்துக்குள் போனால் கண் எரிகிற அளவுக்கு வாசனை. சரியாக எப்போது பாத்திரத்தில் போடுவது என்பதில்தான் முழு வித்தையும். அரை மணி முந்தினால் பச்சை வாசம், பிந்தினால் வாடல் வாசம்.

பரப்புவதும் கிளறுவதும் முழுக்கப் பெண்கள். எல்லாம் தினக்கூலி. பூவைத் தொட்டதுமே சொல்லிவிடுவார்கள். "அம்மிணி, இது நேத்துப் பூவு, புதுசுல கலந்திருக்கறாங்க." "இதுல தண்ணி தெளிச்சிருக்குது, எடைக்கு." மூட்டைக்குள் கையை விட்டு, கையை மூக்கருகே கொண்டுபோய்ச் சொல்வார்கள். நான் லேபில் கருவியில் ஏற்றி அரை நாள் கழித்துச் சொன்னதை அவர்கள் அரை நிமிஷத்தில் சொன்னார்கள். ஆனால் அவர்கள் 6 மணிக்கு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அப்போது 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டப்படி ராத்திரி 7 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் பெண்கள் ஆலையில் வேலை செய்யக் கூடாது. நம்மைக் காப்பாற்றப் போட்ட சட்டம்தான். ஆனால் பூ அவிழ்வது ராத்திரி. பாத்திரத்தில் போடுகிற முடிவு ராத்திரி எடுப்பது. அந்த முடிவை எடுத்தவருக்குப் பெயர் ஷிப்ட் இன்சார்ஜ், மாதச் சம்பளம், பி.எஃப். பகலெல்லாம் அந்தப் பூவோடு இருந்து அதன் நாடியைப் பார்த்தவருக்குப் பெயர் "பூ கொட்டற பொம்பள". 2000இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவு செல்லாது என்று சொன்னது.

நான் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்குச் சோறு போட்ட இடம். வேறு இடங்களிலும் இப்படித்தான் இருந்தது.

ஒருமுறை பிரான்சிலிருந்து ஒரு வாசனை நிபுணர் வந்தார். பிரான்சில் கிராஸ் என்று ஒரு ஊர், ஒரு காலத்தில் உலகத்துக்கே மல்லிகை அங்கேயிருந்துதான் போகும். அங்கே கூலி ஏறி, தோட்டங்கள் வீட்டுமனைகளாகி, பூ வாங்க எகிப்துக்கும் நம் பக்கத்துக்கும் வர ஆரம்பித்தார்கள். அவர் முன்னால் ஐந்து நாள் சாற்றை ஐந்து தாள் கீற்றுகளில் தொட்டு வைத்தோம். அவர் மூன்றாவதைத் தள்ளி வைத்து, இது சரியில்லை என்றார். அது செவ்வாய்க்கிழமைச் சரக்கு. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானமே ஒரு அக்கா என்னிடம், "இன்னிக்குப் பூவு புழுங்கிப்போச்சு, ஈர வைக்கோல் நாத்தம் அடிக்குது, சொல்லிப்போடுங்க" என்றிருந்தார். நான் எழுதியும் கொடுத்திருந்தேன். நிபுணருக்கு விமான டிக்கெட், ஹோட்டல் அறை, சம்பளம். அக்காவுக்கு அன்றைக்கு அன்றாடக் கூலி.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், இவரை முகர்வுக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். "எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைக்கு எதுக்கும்மா பதவி?" என்றார்கள். பல வருஷம் கேட்டேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, நிரூபிக்க ஒரு வழி பிடித்தேன். எங்கள் தொழிலில் மூன்று மாதிரிச் சோதனை என்று ஒன்று உண்டு. மூன்று கீற்று கொடுப்போம். இரண்டு ஒன்று, மூன்றாவது வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குத்துமதிப்பாகச் சொன்னால் மூன்றில் ஒரு தடவைதான் சரியாக வரும். இதற்கு எழுத்து வேண்டாம், கையைக் காட்டினால் போதும். மேனேஜர்களையும் லேப் ஆட்களையும் அக்காமார்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து 12 தடவை செய்தோம். மேனேஜர்கள் ஆறு, ஏழு என்றார்கள். இரண்டு அக்காமார் பதினொன்று. அன்றைக்கு அந்த அறையில் இருந்த அமைதி எனக்கு இன்னும் பிடித்த வாசனை மாதிரி. 2003இல் அந்த இருவரும் மாதச் சம்பளத்துக்கு வந்தார்கள். இரண்டே பேர். கூடத்தில் 60 பேர் இருந்தோம்.

அவர்கள் சொல்கிற பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். லேபில் "கிரீன்" என்போம், அவர்கள் "பட்டாணித் தோலு" என்பார்கள். எங்களுக்கு "வேக்ஸி", அவர்களுக்கு "அணைச்ச மெழுகுவத்தி". சுத்தமான மல்லிகைச் சாறில் இண்டோல் என்று ஒரு பொருள் கொஞ்சம் இருக்கிறது. அதைத் தனியாக எடுத்து முகர்ந்தால் அந்துருண்டையும் சாக்கடையும் சேர்ந்த மாதிரி இருக்கும். துளி அளவில் இருந்தால்தான் மல்லிகை மல்லிகையாக இருக்கும். அது இல்லாமல் செய்த மல்லி சென்ட் சோப்பு மாதிரி மணக்கும். அந்த இண்டோலைக் காட்டியபோது ஒரு அக்கா, "இது பொழுது விடிஞ்சப்பறம் தலையில இருக்கற பூவு" என்றார். இதைவிடச் சரியாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

தலையில் பூ என்றதும் இன்னொன்று. 34 வருஷம் வேலை நாளில் நான் தலையில் பூ வைத்ததில்லை. பவுடர் கிடையாது, வாசனை எண்ணெய் கிடையாது, வெங்காயம் போட்ட காலைச் சாப்பாடு கிடையாது. மல்லித் தோட்டத்துக்காரர் மகள், மல்லிக் கம்பெனியில் வேலை, தலை மொட்டை என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். ஆனால் பஸ்ஸில் ஏறினால் என் சேலையிலிருந்து வருகிற வாசனைக்கு மொத்த பஸ்ஸும் திரும்பும்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு குழுவிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். ஊதுபத்தி போடுகிற குழு. வெறும் குச்சி வாங்கி, சென்ட்டில் முக்கி, காயவைத்து, பாக்கெட் போடுகிறார்கள். முதல் தடவை நன்றாக விற்றது. நம்பிக்கை வந்து, உள்கடன் எடுத்து, இரண்டாம் தடவை அதிகமாகப் போட்டார்கள். கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், வாசமே இல்லை என்று. குழுவுக்குள் சண்டை. முக்கினவர்கள் சரியாக முக்கவில்லை, காயவைத்தவர்கள் வெயிலில் போட்டுவிட்டார்கள் என்று ஒருவரை ஒருவர் சொல்லி, இரண்டு கூட்டம் நடக்கவில்லை. தவணை நின்றுபோனது.

நான் போனபோது, ஒரு உறுப்பினர் முதல் சென்ட்டில் கொஞ்சத்தைச் சின்ன பாட்டிலில் சாமி அலமாரியில் வைத்திருந்தார். வீட்டுக்கு ஊதுபத்தி தீர்ந்தால் முக்கிக்கொள்ள என்று. அந்த ஒரு பாட்டில்தான் குழுவைக் காப்பாற்றியது. வெள்ளைத் தாளைக் கீற்றாக வெட்டி, பழைய சென்ட்டில் ஒன்று, புதியதில் ஒன்று தொட்டு, எது எதுவென்று பின்னால் எழுதி வைத்தோம். தொட்டவுடனே இரண்டும் ஒரே மாதிரிதான் மணந்தன. ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் தெரிந்தது. மறுநாள் காலையில் பழையது மணந்தது, புதியது வெறும் எண்ணெய்க் கறை. ஒரே லேபிள், ஒரே விலை, உள்ளே வாசனை குறைவு, கலப்பு எண்ணெய் அதிகம். ஊதுபத்தி சென்ட்டில் டி.இ.பி. என்ற வாசனையில்லாத எண்ணெய் கலப்பது வழக்கம், அதில் ரகசியம் ஒன்றுமில்லை. எவ்வளவு கலந்தார்கள் என்பதில்தான் விஷயம். வியாபாரியிடம் இரண்டு கீற்றையும் கொண்டுபோனார்கள். "சென்ட்டுன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றவர், இரண்டையும் தன் மூக்கில் வைத்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். பாதிப் பணம் திரும்பி வந்தது. மீதி வரவில்லை. ஆனால் முக்கினவர் மேல் பழி இல்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். அந்தக் குழு இன்றைக்கு இங்கே வந்திருக்கிறது.

அதனால் வாசனை சேர்ந்த எதைச் செய்கிற குழுவாக இருந்தாலும், சென்ட் வாங்குகிற ஒவ்வொரு தடவையும் 20 மில்லி எடுத்து, கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரைக்கும் ஊற்றி, தேதி, கடை, பில் நம்பர் எழுதி, இருட்டான இடத்தில் வைத்துவிடுங்கள். பெரிய கம்பெனிகளில் இப்படி மாதிரி எடுத்து வைக்காமல் ஒரு டிரம் உள்ளே போகாது. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், வாசனை அதைத் தின்றுவிடும், அது வாசனையைத் தின்றுவிடும். அடுத்த தடவை வாங்குமுன் கடையிலேயே கீற்றுப் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அவசரப்படுத்துகிற வியாபாரி உங்கள் மூக்குக்குப் பயப்படுகிறார் என்று அர்த்தம்.

ஊதுபத்தியை ஏற்றித்தான் பார்க்க வேண்டும். பாட்டிலில் மணக்கிற சில சென்ட் நெருப்பில் போனால் கருகல் வாசம்தான் தரும். ஒரு குச்சி ஏற்றி அறையை மூடிவிட்டு, நீங்கள் வெளியே போய்விடுங்கள். பத்து நிமிஷம் கழித்து உள்ளே வாருங்கள். அங்கேயே உட்கார்ந்திருந்தால் மூக்கு பழகிப்போய் ஒன்றும் சொல்லாது. நாள் முழுக்க முக்குகிறவரிடமே வாசம் எப்படி என்று கேட்கக் கூடாது, அவர் மூக்கு சலித்திருக்கும், வெளியிலிருந்து வருகிறவரைக் கேளுங்கள். சோப்பு செய்கிறவர்கள் வெனிலா வாசனை போட்டால் சோப்பு நாள்பட நாள்படப் பழுப்பாகும், அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, வெனிலினின் குணம். வெள்ளைச் சோப்பு கேட்கிறவருக்கு அதைப் போடாதீர்கள்.

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இயற்கை எண்ணெய் என்றால் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். இப்போது வாயில் போட்டீர்களே அந்தப் பட்டை, அதன் எண்ணெயைத் தோலில் நேராகத் தொட்டால் புண்ணாகும். சில எலுமிச்சைத் தோல் எண்ணெய்களைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துக் கொப்பளிக்கும். குளியல் பொடி, தலை எண்ணெய் செய்கிறவர்கள் ஊற்றுகிற கை ஊற்றக் கூடாது. கிராம் கணக்கில் தராசில் நிறுத்துச் சேருங்கள். ஊதுபத்திக்கோ சோப்புக்கோ வாங்கிய வாசனையை ஒரு சொட்டுகூடத் தின்பண்டத்தில் போடக் கூடாது, மணம் ஒன்றாகவே இருந்தாலும். மிட்டாய், ஜூஸ், ஐஸ் செய்கிற குழுக்கள் உணவுக்கென்று விற்கிற எசன்ஸை மட்டும், பாட்டிலில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சேர்த்திருக்கிறோம் என்று லேபிளிலும் போட வேண்டும். மாம்பழ எசன்ஸ் போட்டுவிட்டு மாம்பழம் படம் மட்டும் போட்டு விற்பது மற்ற கம்பெனிகள் செய்கிற வேலை, நமக்கு வேண்டாம்.

இன்னொரு தரப்பும் உங்கள் வாசலுக்கு வரும். எலுமிச்சம்புல் நடுங்கள், வெட்டிவேர் நடுங்கள், காய்ச்சுகிற மெஷினை எங்களிடம் வாங்குங்கள், எண்ணெயை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். எலுமிச்சம்புல் நல்ல பயிர்தான். அதன் எண்ணெயில் இருக்கிற சிட்ரலிலிருந்து வயலட் பூ வாசனையையே செய்கிறார்கள். ஆனால் எனக்கு வெனிலா ஞாபகம் வருகிறது. மடகாஸ்கரில் 2000இல் புயல் அடித்து வெனிலாத் தோட்டங்கள் அழிந்தன. உலக விலை மூன்று நான்கு வருஷத்தில் கிலோ 500 டாலர் வரைக்கும் போனது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் நம் மலைப் பக்கங்களிலும் பாக்கை வெட்டி, மிளகை வெட்டி வெனிலா வைத்தார்கள். ராத்திரியில் காய் திருடு போகாமல் காவல் இருந்தார்கள். 2005க்குள் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. காரணம் சுலபம். வெனிலா மணத்துக்கு வெனிலாக் காய் வேண்டாம், ஆலையில் செய்த வெனிலின் 1874லிருந்தே இருக்கிறது. விலை அதிகமானதும் ஐஸ்கிரீம் கம்பெனிகள் அதற்கு மாறிவிட்டன. வாசனைப் பயிருக்கு வாங்குகிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர். யாராவது மெஷின் விற்க வந்தால், வாங்குகிறேன் என்பதை எத்தனை வருஷத்துக்கு, என்ன விலைக்கு, யார் கையெழுத்தில் என்று முத்திரைத் தாளில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விச் சீட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏழெட்டுப் பேர் இதையே எழுதியிருக்கிறீர்கள். கொரோனாவில் போன மூக்கு இன்னும் சரியாகவில்லை, காபி குடித்தால் கருகல் நாற்றம் வருகிறது என்று. எங்கள் குழுவிலேயே ஒருவருக்கு அப்படி ஆனது. மூக்கே பிழைப்பாக இருந்தவர், அழுதார். பயிற்சி கொடுத்தோம். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், இந்த நான்கையும் தனித்தனிச் சின்ன பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 20 விநாடி மெதுவாக முகருங்கள். முகரும்போது அது எப்படி மணந்தது என்று மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் விடக் கூடாது, மாதக்கணக்கில் செய்ய வேண்டும். அவருக்கு ஐந்தாம் மாதம் கிராம்பு முதலில் திரும்பி வந்தது. எல்லோருக்கும் முழுதாக வரும் என்று சொல்ல மாட்டேன். வராதவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் கேஸ் கசிந்தால் தெரியாது, அதனால் அடுப்படியில் இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். மூன்று மூன்றாகக் கீற்றுகள் வைத்திருக்கிறேன், அக்காமார் செய்த அதே சோதனை. பன்னிரண்டுக்குப் பத்து சரியாகச் சொல்கிறவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளப் போகிறேன். கூட்டமைப்பு வாங்குகிற சென்ட், எசன்ஸ் எதுவாக இருந்தாலும் இனிமேல் அவர்கள் முகர்ந்த பிறகுதான் பில் பாஸ் ஆகும் என்றும், அதற்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் கொடுப்பது என்றும் இன்று காலை நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடுங்கள். வெற்றிலை போட்டவர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள். தலையில் மல்லி வைத்திருப்பவர்கள், மன்னிக்க வேண்டும், அதைக் கழற்றிப் பக்கத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.